கண்ட்ரோல் அக்காவும் ஊற்றாத ஆன்டிபாடியும்

சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதைக்கூட, மேற்கே ஒரு ஆளை நிறுத்திவைத்து அங்கே உதிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே ஒப்புக்கொள்ளும் பெண்மணி ஒருவர் கம்பம் பள்ளத்தாக்கில் உண்டு. அவர்தான் கண்ட்ரோல் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருந்தது. கல்லூரி வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதாக எனக்கு நினைவில்லை. ஓய்வு பெற இரண்டே வருடம் பாக்கியிருந்த பிரின்சிபால்கூட, "கண்ட்ரோல் அக்கா வந்துட்டாகளா?" என்றுதான் கேட்பார்.

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி. அதன் மாடியில் உயிர்வேதியியல் ஆராய்ச்சிக்கூடம். நானும் அக்காவும் அங்கே பி.எச்டி. செய்துகொண்டிருந்தோம். நான் கடமலைக்குண்டு, அவர் போடி. ஹாஸ்டலில் இருவருக்கும் ஒரே அறை. வயதில் என்னைவிட இரண்டு வருடம் மூத்தவர், ஆராய்ச்சியில் ஒரு வருடம். ஆனால் எதையும் மூன்று முறை திருப்பிச் செய்யாமல் நோட்டில் எழுதமாட்டார் என்பதால் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

கண்ட்ரோல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உரம் போட்டதால்தான் செடி வளர்ந்தது என்று சொல்ல வேண்டுமானால், உரம் போடாத ஒரு செடியையும் பக்கத்திலேயே வளர்த்துக் காட்ட வேண்டும். அந்தப் போடாத செடிதான் கண்ட்ரோல். ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் செய்வதுதான். மற்றவர்கள் சாயங்காலம் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது இந்தப் பழக்கத்தையும் சேர்த்து மாட்டிவிட்டுப் போவார்கள். அக்கா அதைக் கையோடு ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

எங்கள் வார்டன் மூலிகைக் கூந்தல் தைலம் காய்ச்சி விற்றுவந்தார். அதை வாங்காத அறைக்கு வெந்நீர் வராது. அக்காவும் ஒரு பாட்டில் வாங்கினார். நடு வகிடு எடுத்து, தலையின் இடது பக்கத்துக்கு மட்டும் தேய்த்தார். மூன்று மாதம் இரட்டைச் சடைதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குழாயடியில் நின்று, இரண்டு சடையையும் என்னை ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்வார். மூன்றாவது மாதக் கடைசியில் வார்டன் ஆசையோடு கேட்டார்.

"என்னத்தா, முடி நல்லா வளந்துருக்கா?"

"வளந்துருக்கு மேடம். நீங்க குடுத்த பக்கம் ரெண்டு இஞ்சு. குடுக்காத பக்கம் ரெண்டேகால் இஞ்சு."

அன்றோடு எங்கள் அறைக்கு வெந்நீர் நின்றது. ஒரு குற்றமும் செய்யாத நான், தலை முழுக்கத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு பச்சைத் தண்ணீரில் நடுங்கினேன்.

அவரைப் பெண் பார்க்க வந்த கதை இதைவிடப் பெரியது. மாப்பிள்ளைக்கு லோயர் கேம்ப் மின் நிலையத்தில் வேலை. "எம் மகனுக்குக் கோவம்னா என்னான்னே தெரியாது" என்று மாப்பிள்ளையின் அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தட்டில் தண்ணீர் டம்ளர்களோடு வந்த அக்கா, ஒன்றை எடுத்து மாப்பிள்ளை மடியில் கவிழ்த்தார். "பரவால்ல, வெயிலுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார் மாப்பிள்ளை. கை தவறிவிட்டது போலிருக்கிறது என்று எல்லோரும் மூச்சுவிட்ட நேரத்தில், அக்கா இரண்டாவது டம்ளரை எடுத்துப் பக்கத்திலிருந்த கல்யாணத் தரகர் மடியில் கவிழ்த்தார். தரகர் துள்ளி எழுந்து, மூன்று தலைமுறையை இழுத்துவைத்து ஏசினார். அக்கா உள்ளே போய் அம்மாவிடம், "எனக்குச் சம்மதம்" என்றார்.

"தரகர் என்னக்கா பாவம் செஞ்சாரு?" என்று பிறகு கேட்டேன்.

"ஏ புள்ள, அவரு மேலயும் ஊத்தி அவருக்கும் கோவம் வரலைன்னு வையி. அப்ப தண்ணி ஊத்துனா யாருக்குமே கோவம் வராதுன்னுதான அர்த்தம்? மாப்பிள்ளைய எத வச்சு நம்புறது?"

அந்த மாப்பிள்ளைதான் இன்றைக்கும் அவர் வீட்டுக்காரர். இன்னும் கோபம் வரவில்லை என்றுதான் கேள்வி. கல்யாணத்துக்காக இரண்டு வருடம் பதிவை நிறுத்திவைத்த அக்கா, படிப்பை முடிக்கத் திரும்ப எங்கள் அறைக்கே வந்து சேர்ந்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன். கம்பத்துக்குப் பக்கத்தில் முயல் பண்ணை வைத்திருந்த ஒருவர், தோட்டங்களில் கழித்துக் கட்டிய உதிரித் திராட்சையை அள்ளிவந்து தன் முயல்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "எம் முயலு ஒண்ணுலயும் கொழுப்பே ஒட்ட மாட்டேங்குதும்மா" என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னதுதான் என் ஆறு வருட ஆராய்ச்சி. உடம்பில் கொழுப்பை உடைத்துத் தசைக்கு அனுப்பும் நொதி ஒன்று உண்டு. புல் மட்டும் தின்ற முயலைவிடத் திராட்சை தின்ற முயலின் தசையில் அது கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். கறிக்கு அறுக்கும்போது எனக்கும் கொஞ்சம் தசை எடுத்துவைப்பார் பண்ணைக்காரர். அந்த நொதியைக் கண்டுபிடித்துக் காட்டும் ஆன்டிபாடிதான் என்னிடம் இல்லை.

அது கடல் தாண்டி, மதுரை வந்து, தேனி கூரியர் ஆபீசில் இறங்கியது. வெயிலில் கிடந்து கெட்டுவிடக் கூடாதே என்று நானும் அக்காவும் நேரில் போய் வாங்கிவந்தோம். டிவி பெட்டி அளவுக்கு ஒரு தெர்மாகோல் பெட்டி. அதற்குள் முழுக்க ஐஸ். ஐஸுக்குள் பாதிச் சுண்டுவிரல் அளவில் ஒரு குப்பி. குப்பிக்குள் இருந்த மருந்து ஒரு கொசு குளிக்கக்கூடக் காணாது. தனியார் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். காக்கிச் சட்டைக் கண்டக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தார்.

"என்னாத்தா, மீனா?"

"இல்லண்ணே, ஆன்டிபாடி" என்றார் அக்கா.

"கிலோ என்னா வெல?"

"கிலோல வராதுண்ணே. உங்க பஸ்ஸுல இம்புட்டுப் பேரு இருக்காகள்ல, அதுல ஒரே ஒரு ஆள மட்டும் தேடிப் போயிக் கையப் பிடிச்சுக்கிற சாமான் இது. தசைக்குள்ள ஆயிரம் இருக்கும். நமக்கு வேண்டிய நொதி எங்கன இருக்கு, எம்புட்டு இருக்குன்னு இதுதான் காட்டிக்குடுக்கும்."

"அப்ப டிக்கெட் செக்கருன்னு சொல்லு."

"அதேதான். ஆனா இவரு வாய் பேசாத செக்கரு. ஆளப் பிடிச்சாலும் நமக்குத் தெரியாது. அதனால பின்னாடியே இன்னொரு ஆன்டிபாடிய அனுப்புவோம். அது செக்கரோட காக்கிச் சட்டையப் பாத்துப் போயித் தோளப் பிடிச்சுக்கிட்டு விசில் அடிக்கும். விசில் எங்கன கேக்குதோ, அங்கன நம்ம ஆளு இருக்காகன்னு அர்த்தம்."

கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தார். "நானும் காக்கிதான் போட்டுருக்கேன். அந்த விசிலு வந்து என் தோளப் பிடிச்சா என்னா செய்வீக?"

அக்காவின் முகம் மலர்ந்தது. "அண்ணே, நீங்க பி.எச்டி. பண்ணலாம்ணே!"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரிக்காமல் அந்தக் கேள்வியை நோட்டில் எழுதிவைத்திருந்தால் இந்தக் கட்டுரையின் மீதிப் பாதிக்கு வேலையே இருந்திருக்காது.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க எனக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. வாங்க வேண்டிய நீட்டிப்பையெல்லாம் வாங்கித் தீர்த்தாகிவிட்டது. அந்த நாளைத் தவறவிட்டால் ஆறு வருடமும் தண்ணீரில் போட்ட உப்புதான். அந்த நேரம் பார்த்து அக்காவின் புகுந்த வீட்டில் சாமிகும்பிடு வந்தது. ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு லோயர் கேம்ப் போனார். லீடர் வராத நாளில் வகுப்பு எப்படி இருக்குமோ அப்படி ஆனது எங்கள் ஆராய்ச்சிக்கூடம். எனக்கும் சரி, என் கைடு சாருக்கும் சரி, கால் தரையில் நிற்கவில்லை. புல் தின்ற முயலைத் தவிர வேறு கண்ட்ரோல் எதுவும் வைக்காமல் பரிசோதனையை ஓட்டினோம்.

தசைச் சாற்றில் உள்ளதையெல்லாம் எடைக்கு ஒரு உயரமாகப் பிரித்து ஒட்டிய, வெள்ளைத் தாள் போன்ற மெம்பரேனில், நொதி வரவேண்டிய அதே உயரத்தில், கறுகறுவென்று கோடு விழுந்தது. புல் தின்ற முயலுக்கு ஒரு மாதிரி, திராட்சை தின்ற முயலுக்கு மை போட்ட மாதிரி. கீழே மங்கலாக இன்னொரு கோடும் இருந்தது. "அது ஏதோ அழுக்கும்மா" என்று சார் படத்தை அதற்கு மேலேயே வெட்டிவிட்டார். அன்று மதியமே மதுரைக் கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கம் போனது. துறை முழுக்க அல்வா. கடமலைக்குண்டு சந்தையில் என் அப்பா, "எம் மக கொழுப்பக் கரைக்க வழி கண்டுபிடிச்சிருக்கா" என்று சொல்லிவைக்க, இரண்டு பேர் மருந்து கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். பண்ணைக்காரரோ 'கொழுப்பில்லா முயல்' என்று போர்டு எழுத ஆள் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அக்கா வந்தார். படத்தைக் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாருக்கு புள்ள. மொதல் ஆன்டிபாடிய ஊத்தாம ஓட்டுனது எங்க?"

"அது ஓட்டலக்கா."

"கீழ எதுக்கு வெட்டுனீக?"

சார் அல்வாத் தட்டை நீட்டினார். "வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா? மொதல்ல வாய இனிப்பாக்கும்மா."

அக்கா அல்வாவைத் தொடவில்லை. தின்பண்டத்தை அவர் மறுத்து அன்றுதான் பார்த்தேன். எனக்குப் பயம் தட்டியது. அந்தப் பயம்தான் கோபமாகிவிட்டது என்று இப்போது தெரிகிறது.

"நான் முடிச்சிட்டுப் போறது உங்களுக்குப் பொறுக்கலக்கா. நீங்க இன்னும் முடிக்கலைல்ல, அதான்!"

சொன்ன அந்த நொடியே நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கடித்துக்கொள்ளவில்லை. அக்கா என்னைப் பார்த்தார். "சரி புள்ள" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க ஒரே அறையில் இருந்துகொண்டு நான் அவரோடு பேசவில்லை. அவர் மட்டும் வழக்கம்போல் என் தண்ணீர் பாட்டிலையும் சேர்த்து நிரப்பிவைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அந்த பாட்டிலைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் கூடியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவியை வாங்கிக்கொண்டு தனியாக ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனேன். உண்மையைக் கண்டறியும் தாகமெல்லாம் இல்லை. முதல் ஆன்டிபாடியை ஊற்றாமல் ஓட்டி, பளிச்சென்று வெள்ளையாக வரும் மெம்பரேனைக் கொண்டுபோய் அக்காவின் தலையணை மேல் வைக்க வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம். செக்கரை அனுப்பவில்லை. விசில்காரரை மட்டும் அனுப்பினேன். பிறகு மெம்பரேனைப் படம் பிடித்தேன்.

அதே இடத்தில் அதே கோடு. புல் முயலுக்கு ஒரு மாதிரி, திராட்சை முயலுக்கு மை போட்ட மாதிரி. கீழே சார் வெட்டிய அந்த அழுக்கும் பத்திரமாக இருந்தது.

செக்கரே ஏறாத பஸ்ஸில் எப்படி விசில் கேட்கும்? எனக்கு அழுகை வரவில்லை. அதுதான் ஆச்சரியம். முதலில் வந்தது, இது ஏன் இப்படி என்கிற குறுகுறுப்பு. ஃப்ரீசரைத் திறந்து குப்பியை எடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். எறும்பு அளவு எழுத்தில், ஒளிவுமறைவு இல்லாமல் அச்சடித்திருந்தார்கள்: இந்த ஆன்டிபாடி முயலில் தயாரித்தது.

இந்த வகை ஆன்டிபாடிகளை ஏதாவது ஒரு பிராணியின் உடம்பில்தான் உண்டாக்குவார்கள். என் செக்கர் முயலிலிருந்து வந்தவர். அதனால் விசில்காரருக்கு நாங்கள் கொடுத்த உத்தரவு, 'முயலின் ஆன்டிபாடி எங்கே கண்டாலும் பிடித்து விசில் அடி' என்பது. எலித் தசையிலோ மனிதத் தசையிலோ ஓட்டியிருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது. நானோ முயல் தசையை அரைத்து வைத்திருந்தேன். முயலின் ரத்தத்தில் முயலின் சொந்த ஆன்டிபாடி ஊறிக் கிடக்காதா? ஏறினவர்கள் எல்லோரும் காக்கிச் சட்டை. போதாததற்கு, அந்த ஆன்டிபாடியின் ஒரு துண்டு கிட்டத்தட்ட என் நொதியின் எடையிலேயே இருந்து தொலைத்ததால் கோடு சரியான உயரத்தில் விழுந்துவிட்டது. இன்னொரு துண்டுதான் கீழே கிடந்த அழுக்கு. தேனி பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே கேட்ட கேள்வியை, கைடும் நானுமாக இரண்டு பேர் கோட்டைவிட்டிருந்தோம்.

திராட்சை முயலின் கோடு மட்டும் ஏன் அப்படிக் கறுத்தது? நோட்டைப் புரட்டினேன். அதுவும் கிடைத்தது. புல் முயலின் தசையை மூன்று முறை கழுவியிருந்தேன். திராட்சை முயல் வந்த அன்று கடமலைக்குண்டு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரே முறை. ரத்தம் போகவே இல்லை. அந்தக் கோடு ஆறு வருடம் கழித்து அளந்து காட்டியது நொதியை அல்ல, என் சோம்பேறித்தனத்தை.

ஈர மெம்பரேனோடு ஹாஸ்டலுக்கு ஓடினேன். அக்கா குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு மெம்பரேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

"இதுக்குக் கண்ட்ரோல் எங்க?" என்றார்.

"அக்கா, இதுவே கண்ட்ரோலுக்கா!"

"இருக்கட்டும். விசில் அடிக்கிறது முயலுக்கு மட்டுந்தான்னு எப்படித் தெரியும்? கெட்டுப்போயி எல்லாத்தையும் பிடிக்குதோ என்னமோ. எங்கிட்டக் கோழித் தசை இருக்கு, அத ஓட்டிப் பாப்போம் வா."

துணியைச் சோப்போடு போட்டுவிட்டு வந்தார். கோழியை ஓட்டினோம். மெம்பரேன் வெள்ளை வெளேரென்று வந்தது. "ம், இப்ப நம்பலாம்" என்றார் அக்கா. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அப்பாவின் முகமும் சமர்ப்பிக்கும் தேதியும் மாறி மாறி வந்தன. அக்கா ஃப்ரீசரின் அடித்தட்டிலிருந்து பனி படிந்த ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். உள்ளே ஒரு குப்பி. அதே நொதிக்கான ஆன்டிபாடி, ஆட்டில் தயாரித்தது. அவருடைய நாட்டுக்கோழி ஆராய்ச்சியின் கடைசிப் பரிசோதனைக்காக இரண்டு வருடமாகக் கட்டிக்காத்துவந்த மிச்சம்.

"முயலுக்கு ஒத்துவருமான்னு தெரியாது. ஆட்டுச் சட்டையப் பிடிக்கிற விசிலும் எங்கிட்ட இருக்கு. ஓட்டிப் பாரு."

"உங்க கோழிக்கு வேணாமாக்கா?"

"கோழி எங்கன ஓடிரப் போகுது? அடுத்த குப்பி வர ஆறு மாசம் ஆகும், வரட்டும். நிறுத்திவச்ச ரெண்டு வருசம் எனக்கு மிச்சமிருக்கு, ஒனக்குத்தான் நாளு இல்ல."

"அன்னைக்கு நான் பேசினது..."

"எது, பொறுக்கலைன்னு சொன்னதா? நானும் அதப் பத்தி யோசிச்சேன் புள்ள. பொறாமை இருக்கான்னு. கொஞ்சம் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா கோடு தப்புன்னு அதுக்கு முன்னாடியே தோணிருச்சு. பொறாமை அப்பறந்தான் வந்துச்சு. வரிசையெல்லாம் சரியாப் பாத்துட்டேன்."

தன் மனசுக்கே கண்ட்ரோல் வைத்துப் பார்த்தவரிடம் நான் என்ன மன்னிப்புக் கேட்பது?

ஆட்டு ஆன்டிபாடி முயலுக்கு ஒத்துவந்தது. இந்த முறை எல்லாத் தசையையும் மூன்று முறை கழுவினேன். ஊற்றாத மெம்பரேன் சுத்தமாக இருந்தது. ஊற்றியதில் மெல்லிசாக, ஒழுங்காக, நிஜமான கோடு. திராட்சை தின்ற முயலுக்கும் புல் தின்ற முயலுக்கும் எள்ளளவும் வித்தியாசம் இல்லை. மறுநாள் சாரே மதுரைக்கு எழுதிச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றார். நல்ல மனுஷர், அல்வாவுக்குக் கொஞ்சம் அவசரப்படுவார், அவ்வளவுதான். போர்டு எழுதாமல் தப்பித்த பண்ணைக்காரர், "அப்பறம் ஏம்மா எம் முயலு கொழுக்க மாட்டேங்குது?" என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு நிஜமாகவே தெரியாது. அப்பா மட்டும் சந்தையில் கெத்தை விடவில்லை. "ஒண்ணுமில்லைன்னு கண்டுபிடிச்சிருக்கா. அது லேசுப்பட்ட காரியமா?" என்றாராம்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து முதல் கேள்வியாகக் கேட்டார். "முயல் தசை. ஆன்டிபாடி ஊற்றாமல் ஓட்டிப் பார்த்தீர்களா?" நான் அடுத்த பக்கத்தைத் திரையில் போட்டேன். மேலும் கீழும் வெட்டாத முழுப் படம். பழைய தப்புக் கோடும் பக்கத்திலேயே இருந்தது. அவர் அடுத்த கேள்விக்குப் போனார். கடைசி வரிசையில் அக்கா, முடிந்த பிறகு எல்லோருக்கும் கொடுப்பதற்காக வைத்திருந்த அல்வாவில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அக்காவுக்குப் புதுக் குப்பி வரப் பத்து மாதம் ஆனது. எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் அவர் முடித்தார். இப்போது லோயர் கேம்ப்பில் குடியிருந்துகொண்டு, பக்கத்து ஊர்க் கல்லூரியில் பாடம் நடத்துகிறார். பிள்ளைகள் அங்கேயும் கண்ட்ரோல் மேடம் என்றுதான் கூப்பிடுகிறார்களாம். நான் தேனியில் இருக்கிறேன். போன வாரம் போன் செய்தபோது ஏதோ ஒரு வேகத்தில், "நீங்க மட்டும் இல்லைன்னா நான் என்னா ஆகியிருப்பேன்னே தெரியலக்கா" என்று சொல்லிவிட்டேன்.

"அதெப்படிப் புள்ள அப்படிச் சொல்ற? கண்ட்ரோல் இருக்கா?"

"இருக்குக்கா. நீங்க சாமிகும்பிடுக்குப் போன அந்த ஒரு வாரம்."

"ஒரு தடவ பத்தாது. மூணு தடவ திருப்பிச் செஞ்சு பாக்கணும்" என்றார்.

"முடியாதுக்கா" என்றேன். "ஒரு தடவையே தாங்கல."